கெட்ஸை வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் ஒயிட் சாக்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி மேல் இன்னமும் ஆசை விட்டுப்போகாத நண்பர்களுக்கு,

வணக்கம். இது 2025 அக்டோபர், இந்த வருஷ சீசன் முடிந்துவிட்டது. 60 வெற்றி, 102 தோல்வி. கடைசி ஆட்டம் முடிந்த நாளிலிருந்து நமக்குள் ஒரே சண்டை. ஒரு கட்சி, மூன்று வருஷம் தொடர்ந்து நூறு தோல்விக்கு மேல், ஆட்களை வாங்கி விற்று அணியைக் கட்டும் ஜெனரல் மேனேஜர் (ஜிஎம்) கிறிஸ் கெட்ஸை இப்பவே தூக்கு என்கிறது. இன்னொரு கட்சி, போன வருஷம் 41 வெற்றி, இந்த வருஷம் 60, ஒரே வருஷத்தில் 19 கூடியிருக்கிறது, இதுக்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வான் என்கிறது. நான் ரெண்டு கட்சியிலும் இல்லை. ரெண்டு பேரும் வெற்றி தோல்விப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறீர்கள், நட்சத்திரங்களை விற்று இளம் ஆட்களை வைத்து அணியைப் புதிதாகக் கட்டும் ரீபில்டில் இருக்கும் ஒரு ஜிஎம்மை எடை போட அந்தத் தராசு உதவாது என்பதுதான் என் கட்சி. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பர் 24 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? 120 தோல்வியோடு, 1962-ல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற கணக்கைத் தொட்டுவிட்டு, ஏஞ்சல்ஸுக்கு எதிராக நம் மைதானத்தில் இறங்கினார்கள். இன்னும் ஒன்று தோற்றால் நவீன பேஸ்பாலிலேயே அதிகம் தோற்ற அணி. ரெட் லைனில் 35-வது தெருவில் இறங்கி, சோளத்தை உதிர்த்து மயோனைஸும் மிளகாய்ப் பொடியும் எலுமிச்சையும் பிழிந்து தருவார்களே, அந்தக் கப்பை வாங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் இருந்தவர்கள் நம் ஆட்கள்தான், கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி. ஆனால் ஏஞ்சல்ஸ் முன்னிலையில் இருக்கிறது என்று உற்சாகமாக இருந்தார்கள்! அணியை வித்துத் தொலை என்று முதலாளியைப் பார்த்துக் கோஷம். சரித்திரத்தைப் பார்க்க வந்த கூட்டம். கடைசியில் 8-வது இன்னிங்ஸில் மூன்று ரன் அடித்து 3-2 என்று ஜெயித்துத் தொலைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்தத் தொடரில் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். 121-வது தோல்வி 27-ஆம் தேதி டெட்ராய்ட்டில் போய் விழுந்தது. அதே ஆட்டத்தை ஜெயித்துத்தான் டைகர்ஸ் பத்து வருஷம் கழித்து கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃபுக்குள் போனது. டெட்ராய்ட்டை மறக்காதீர்கள், திரும்பி வருகிறேன்.

அதற்கு முன் ஒரு வாக்குமூலம். என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் பெரிய டிரேட் ஒவ்வொன்றையும் நடந்த அன்றே தேதி போட்டு, போனவர் யார், வந்தவர் யார், எனக்கு என்ன தோன்றியது என்று எழுதி, பத்துக்கு ஒரு மார்க் போட்டு வைப்பேன். முதல் பக்கம் 2016 டிசம்பர் 6. நம் நட்சத்திர பிட்சர் (பந்து வீசுபவர்) கிறிஸ் சேல் பாஸ்டனுக்கு. யோவன் மொன்காடாவும் மைக்கேல் கோபெக்கும் இன்னும் ரெண்டு பேரும் நமக்கு. மார்க் 10. மறுநாள் ஆடம் ஈட்டன் வாஷிங்டனுக்கு. லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ், டேன் டன்னிங் நமக்கு. மார்க் 10, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு. 2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை ஊருக்குள்ளேயே இருக்கும் கப்ஸுக்குத் தந்து எலோய் ஹிமேனஸையும் டிலன் சீஸையும் வாங்கினார்கள். அன்றைக்கு 11 போட்டிருக்கிறேன். பத்துக்குப் பதினொன்று! அப்போதைய ஜிஎம் ரிக் ஹான் கடவுள் என்று எழுதாத குறைதான். நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள், மறுக்காதீர்கள். இளம் வீரர்கள் வளரும் நம் மைனர் லீக் பட்டியலைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்ட காலம் அது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2018-ல் 100 தோல்வி, பரவாயில்லை, திட்டம் அதுதான். 2020-ல் பிளேஆஃப், முதல் சுற்றிலேயே ஓக்லண்டிடம் காலி. 2021-ல் 93 வெற்றி, டிவிஷன் பட்டம், ஹூஸ்டனிடம் 3-1 தோல்வி. 2022-ல் சரியாக 81-81. 2023-ல் 101 தோல்வி. ஆகஸ்ட் 22 அன்று ஹானையும் அவருக்கு மேலே இருந்த கென் வில்லியம்ஸையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். ஏழு வருஷத்தில் பிளேஆஃபில் மொத்தம் ரெண்டே ரெண்டு வெற்றி.

எங்கே தப்பு என்று அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடிபட்டது இது: விற்பது ஜிஎம் வேலையில் சுலபமான பாதி. கையில் கிறிஸ் சேல் இருந்தால், அதுவும் இன்னும் மூன்று வருஷத்துக்கு மலிவான ஒப்பந்தத்தோடு இருந்தால், நானே நாலு நல்ல பையன்களை வாங்கி வந்துவிடுவேன். தங்கத்தை விற்க வியாபாரி எதற்கு? நாம் மார்க் போட்டது முழுக்க அந்தச் சுலபமான பாதிக்கு. கஷ்டமான பாதி, வந்தவர்களை ஆட்டக்காரர்களாக ஆக்குவது. அதற்கும் மேல், யாரும் கைதட்டாத வேலை ஒன்று இருக்கிறது: ஓட்டையை அடைப்பது.

மைதானத்தின் வலது கோடியில் பந்து பிடிக்கும் இடமான ரைட் ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈட்டனை விற்ற நாளிலிருந்து அந்த இடம் காலி. 2020-ல் நோமர் மஸாராவைக் கொண்டு வந்தார்கள், நிற்கவில்லை. 2021-ல் யாரைக் கூட்டி வந்தார்கள் தெரியுமா, அதே ஆடம் ஈட்டனை! நாலு வருஷம் கழித்து, 7 மில்லியன் டாலர் கொடுத்து, ஜூலையில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் மார்க் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். அதற்கப்புறம் முதல் பேஸில் நிற்க வேண்டிய ஆட்களை, கேவின் ஷீட்ஸ், ஆண்ட்ரூ வான் போன்றவர்களை, ரைட் ஃபீல்டில் ஓடவிட்டார்கள். அவர்கள் பந்தைத் துரத்திய அழகைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரெண்டாம் பேஸ் கதையும் இதேதான். அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018-ல் 4-வது ஆளாக எடுத்த நிக் மாட்ரிகலை 2021 ஜூலையில் கப்ஸுக்குக் கொடுத்து கிரெய்க் கிம்பரெலை வாங்கினார்கள். ஏற்கெனவே லியாம் ஹென்ட்ரிக்ஸ் என்ற நல்ல குளோசர் (கடைசி இன்னிங்ஸில் பந்து போட்டு ஆட்டத்தை முடிப்பவர்) இருக்கும்போது இன்னொரு குளோசர். கிம்பரெல் 8-வது இன்னிங்ஸ் போட வந்து அடி வாங்கினார். ரெண்டாம் பேஸில் அந்த வருஷம் செசார் ஹெர்னாண்டஸ், அடுத்த வருஷம் ஜாஷ் ஹாரிசன், அதற்கடுத்து எல்விஸ் ஆண்ட்ரஸ். வாடகை வீட்டில் வருஷா வருஷம் குடித்தனம் மாறுகிற மாதிரி.

காயங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2021 மார்ச்சில், கணக்கில் வராத ஒரு பயிற்சி ஆட்டத்தில், எல்லைச் சுவரைத் தாண்டும் பந்தைப் பிடிக்கக் கையை நீட்டி ஹிமேனஸ் மார்புத் தசையைக் கிழித்துக்கொண்டார். லூயிஸ் ராபர்ட்டுக்கு அடுத்த ரெண்டு மாதத்துக்குள் இடுப்பு. இதெல்லாம் எந்த ஜிஎம்மும் தடுக்க முடியாதது. ஆனால் நட்சத்திரம் ஒருவர் படுத்தால் அந்த இடத்தில் நிற்க ரெண்டாம் வரிசையில் ஆள் வைத்திருப்பது அவர் வேலை, அந்த வரிசைதான் நம்மிடம் வெறும் காற்றாக இருந்தது.

இங்கே முதலாளியை இழுக்காமல் இருக்க முடியாது. 1981-லிருந்து ஜெர்ரி ரெயின்ஸ்டார்ஃப் கையில் இருக்கிறது அணி. 2018-19 குளிர்காலத்தில் மேனி மச்சாடோவைப் பிடிக்க, அவர் மச்சான் யான்டர் அலோன்சோவையும் நண்பர் ஜான் ஜேயையும் முதலில் அணியில் சேர்த்தார்கள்; கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டைக் குளிப்பாட்டுவது போல. சான் டியாகோ 10 வருஷத்துக்கு 300 மில்லியன் கொடுத்தது, மச்சாடோ போய்விட்டார். மச்சானும் நண்பரும் நம்மிடம் மிஞ்சினார்கள். பணம் எப்படியும் செலவாகும் என்று ஹான் அப்போது சொன்னார். இந்த அணி, பழைய ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஒரு ஃப்ரீ ஏஜென்டுக்கு இதுவரை கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த 5 வருஷம், 75 மில்லியன். நூறைத் தொட்டதே இல்லை. 2020 அக்டோபரில் 76 வயது டோனி லா ரூஸாவை, மைதானத்தில் அணியை நடத்தும் மேனேஜராகக் கொண்டு வந்தது யார் விருப்பம் என்பதும் ஊருக்கே தெரியும். 1986-ல் அவரை வேலையைவிட்டு அனுப்பியதை நினைத்துப் பல வருஷம் வருத்தப்பட்டவர் ரெயின்ஸ்டார்ஃப். பக்கத்துத் தெரு கப்ஸில் தியோ எப்ஸ்டீன் 2012-ல் 101 ஆட்டம் தோற்றார், பையன்களை வளர்த்தார், நேரம் வந்ததும் 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டருக்கு 155 மில்லியன் எடுத்து வைத்தார், 2016-ல் கோப்பை. பர்ஸைத் திறக்கும் அந்தக் கட்டம் நம் கதையில் வரவே இல்லை. ஆகவே ஹானுக்கு மார்க் போடும்போது, அவர் கையில் இல்லாததுக்கும் சேர்த்து அவரைத் திட்டக்கூடாது. அதற்காக ரைட் ஃபீல்டை மறந்துவிடவும் கூடாது, அந்த ஓட்டைக்கு 300 மில்லியன் தேவைப்படவில்லை.

சரி, டெட்ராய்ட். அங்கே அல் அவிலா 2015-லிருந்து ஜிஎம். ஜஸ்டின் வெர்லாண்டரை விற்றார், வந்த பையன்கள் பெரிதாகத் தேறவில்லை. 2019-ல் 114 தோல்வி. 2022 ஆகஸ்டில் வேலை போனது. ரெண்டு வருஷம் கழித்து, நம்மைத் தோற்கடித்து டைகர்ஸ் பிளேஆஃபுக்குப் போன அந்த ராத்திரி, அந்த அணியின் தூண்கள் யார்? அந்த வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய டாரிக் ஸ்கூபல், 2018-ல் 9-வது சுற்றில் அவிலா காலத்தில் எடுத்தவர். ரைலி கிரீன், 2019-ல் அவிலா காலத்தில் எடுத்தவர். உழுதவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அறுவடை அவருக்குப் பின் வந்த ஸ்காட் ஹாரிஸ் பேரில். ஹாரிஸ் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. ஸ்கூபலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு பங்கு, ஆக்கியவர்களுக்கு ஒரு பங்கு, அந்தக் கணக்கை வெற்றி தோல்விப் பட்டியல் பிரித்துக் காட்டாது என்கிறேன்.

ஹூஸ்டன் மாதிரி, ஹூஸ்டன் மாதிரி என்று அடிக்கடி சொல்கிறீர்கள். ஜெஃப் லுன்னோ 2011 டிசம்பரில் அங்கே வந்தார். 2012-ல் 107 தோல்வி, 2013-ல் 111, 2017-ல் கோப்பை. பார்க்க நேர்க்கோடு. கிட்டே போய்ப் பாருங்கள். கோப்பை ஜெயித்த அணியின் ஆல்டுவே, ஸ்பிரிங்கர், டாலஸ் கைக்கிள் மூவரும் அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். 2013 டிராஃப்டில் முதல் ஆளாக மார்க் ஏப்பலை எடுத்தார். ஏப்பல் தேறவில்லை; அடுத்ததாகக் கப்ஸ் எடுத்தது, பின்னால் நட்சத்திரமான கிரிஸ் பிரையன்ட். 2014 மார்ச்சில் ஜே.டி. மார்டினெஸைச் சும்மா வெளியே அனுப்பினார், அவர் டெட்ராய்ட்டில் போய் அடித்து நொறுக்கினார். 2014-ல் முதல் ஆளாக எடுத்த பிரேடி ஏக்கனோடு ஒப்பந்தமே ஆகவில்லை, அதற்கு ஈடாக அடுத்த வருஷம் கிடைத்த இடத்தில்தான் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். இந்த மூன்றையும் 2014-ல் உட்கார்ந்து எடை போட்டிருந்தால் நாம் லுன்னோவையும் தூக்கு என்றுதான் கத்தியிருப்போம். (எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரத்தில் 2020-ல் அவர் வேலை போனது வேறு கதை, அதுவும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.)

இப்போது கெட்ஸ். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன், அவரைக் காப்பாற்ற வந்தவன் என்று நினைக்காதீர்கள். 2023-ல் ஜிஎம் ஆவதற்கு முன் கெட்ஸ் எங்கே இருந்தார்? இதே அணியில், 2016 கடைசியிலிருந்து வீரர்களை வளர்க்கும் பிரிவின் தலைவராக. மொன்காடாவும் கோபெக்கும் ஹிமேனஸும் வந்த அந்தப் பண்ணை அவர் பொறுப்பு. ஹான் வாங்கி வந்த நாற்று ஏன் பாதியில் நின்றது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய முதல் ரெண்டு பேரில் ஒருவர் அவர். வெளியே ஆள் தேடாமல் அவருக்கே பதவி கொடுத்தது என்னைப் பொறுத்தவரை அந்த வருஷத்தின் பெரிய தப்பு. இதை மறந்துவிட்டு, 41-லிருந்து 60 என்று மாலை போடும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 41-லிருந்து எங்கே போனாலும் மேலேதான்!

இன்னொன்று, தோற்றால் டிராஃப்டில் முதல் இடம் கிடைக்கும், அதுக்குத்தான் தோற்கிறார்கள் என்ற சமாதானமும் வேண்டாம். 121 ஆட்டம் தோற்றதற்கு நமக்கு 2025 டிராஃப்டில் கிடைத்தது 10-வது இடம். வருமானத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பெரிய ஊர் அணிகள் ரெண்டு வருஷம் அடுத்தடுத்து குலுக்கலில் தரும் முன்வரிசை இடத்தைப் பெற முடியாது என்பது விதி.

அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? என் நோட்டில் கெட்ஸ் பக்கங்களைத் திறக்கிறேன். 2024 ஜூலையில் ஒரு மூன்று அணி டிரேட்: எரிக் ஃபெட்டி, கோபெக், டாமி ஃபாம் மூவரும் போனார்கள், டாட்ஜர்ஸிலிருந்து மிகெல் வர்கஸும் ரெண்டு சின்னப் பையன்களும் வந்தார்கள். அதே டிரேடில் டாட்ஜர்ஸுக்குப் போன டாமி எட்மன் நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர், கோபெக் கையில் கோப்பை. நம் வர்கஸ் மீதி சீசனில் அடித்த சராசரி .104. என் மார்க் 2. ஆனால் 2025-ல் அதே வர்கஸ் 16 ஹோம் ரன் அடித்தார், மூன்றாம் பேஸிலும் முதல் பேஸிலுமாக நின்றார். அடித்து 4 ஆக்கினேன். இன்னும் மாறலாம்.

டிலன் சீஸை சான் டியாகோவுக்கு விற்றதில் வந்த முக்கியமான ஆள் டிரூ தார்ப், இந்த வருஷம் முழங்கை அறுவை சிகிச்சையில் போய்விட்டார். அது யாருடைய தப்பும் இல்லை. ராபர்ட்டை விற்காமல் வைத்திருந்தது கெட்ஸுடைய தப்பு. 2023-ல் 38 ஹோம் ரன் அடித்தவரை, அதற்கப்புறம் காயமும் ஃபார்ம் இழப்புமாக விலை சரியச் சரிய, 2024 ஜூலையிலும் கையில் வைத்திருந்தார், 2025 ஜூலையிலும் வைத்திருந்தார். நல்ல விலை வரும் வரும் என்று காத்திருந்து தக்காளியை அழுகவிட்ட கதை.

பிட்சர் காரெட் குரோஷேவை பாஸ்டனுக்குக் கொடுத்த டிரேடுக்கு மட்டும் மார்க் போடாமல் விட்டிருக்கிறேன். பாஸ்டன் அவருக்கு 6 வருஷம், 170 மில்லியன் கொடுத்தது, இந்த சீசனில் 255 ஸ்ட்ரைக் அவுட், அப்புறம் பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் யாங்கீஸை அவர்கள் ஊரிலேயே 11 பேரை வீழ்த்தி அழவைத்தார். டிவியில் பார்க்கும்போது வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். ஆனால் நமக்கு வந்த கேட்சர் கைல் டீல் ஜூன் மாதம் மேலே வந்து அசராமல் அடித்தார், சேஸ் மைட்ரத் ஏப்ரலிலிருந்தே ஆடுகிறார், பிரேடன் மான்ட்கோமெரி இன்னும் கீழே வளர்கிறார். இதற்கு இன்றைக்கே மார்க் போடச் சொன்னால் என்னால் முடியாது. 2016-ல் போட்ட அந்த 10 இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் பார்ப்பது டிரேட் தலைப்புச் செய்திகளை அல்ல, கோல்சன் மான்ட்கோமெரி மாதிரி ஆட்களை. அவர் ஹான் காலத்தில், 2021 டிராஃப்டில் 22-வதாக எடுத்தவர். இந்த வருஷம் ஏப்ரலில் மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள் ஏயில் பந்து மட்டையிலேயே படவில்லை. ஆட்டத்தில் போட்டு வதைக்காமல், அவரை அரிசோனா பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். பால்டிமோரிலிருந்து கெட்ஸ் கூட்டி வந்த பேட்டிங் பிரிவுத் தலைவர் ரையன் ஃபுல்லர் அங்கே அவரைத் தனியாக உட்கார வைத்து ஸ்விங்கைச் சரி செய்தார். ஜூலையில் மேலே வந்தவர் 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன். அப்புறம் ஷேன் ஸ்மித். மில்வாக்கி பாதுகாப்புப் பட்டியலில் வைக்காமல் விட்ட பிட்சர், ரூல் 5 டிராஃப்டில் நாம் எடுத்தோம், கிட்டத்தட்ட இலவசம். அந்தப் பையன் 2025 ஆல்ஸ்டார். மொன்காடா காலத்தில் இந்த அணிக்கு இது தெரியாது. வந்தவர் வந்தபடியே இருப்பார், அல்லது தேய்வார். அதே கெட்ஸ், அதே பண்ணை, இப்போது ஏதோ மாறியிருக்கிறது. தன் பழைய தப்பை உணர்ந்து வெளியிலிருந்து ஆள் கொண்டு வந்தாரா, இல்லை ரெண்டு பேர் விஷயத்தில் அதிர்ஷ்டம் அடித்ததா, இந்தக் கேள்விக்கு என்னிடம் இப்போதைக்குப் பாதி பதில்தான் இருக்கிறது. வேலையை இன்னொரு வருஷம் பார்க்கட்டும் என்று நான் சொல்வது அந்தப் பாதிக்காகத்தான், 19 வெற்றிக்காக இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உலகத் தொடர் முடிந்த சில நாளில் ராபர்ட்டை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளும் 20 மில்லியன் ஆப்ஷனை எடுப்பதா விடுவதா என்று கெட்ஸ் முடிவு சொல்லியாக வேண்டும். அவர் சொல்வதற்கு முன்னால், அவர் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனா. தேதி போடுங்கள். நான் என்னுடையதை நேற்று ராத்திரி எழுதி நோட்டுக்குள் மடித்து வைத்துவிட்டேன். அடுத்த ஏப்ரலில், நம் மைதானத்தின் முதல் ஆட்டத்தன்று, 35-வது தெரு ஸ்டேஷன் வாசலில் எல்லாருமே தாளைப் பிரிப்போம். யார் தாள் ரொம்ப அசட்டுத்தனமாக இருக்கிறதோ அவர் எல்லாருக்கும் சோளம் வாங்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
பத்துக்குப் பதினொன்று போட்ட உங்களில் ஒருவன்